தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே மைனஸ் தொண்ணூற்றாறு

"மைனஸ் நூத்திப் பதினாலு" என்றேன்.

"மைனஸ் நூத்திப் பதினாலு. சரியா?" என்றார் அப்பா.

"சரி."

அதன் பிறகுதான் குனிந்து, மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"மைனஸ் நூத்தி எட்டு."

"மைனஸ் நூத்தி எட்டு. சரியா?"

"சரிப்பா. ஒவ்வொண்ணுக்கும் கேக்கணுமா?"

"கேக்கணும். அடுத்தது சொல்லு."

நவம்பர் மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை. கிடர்பூரில் அப்பா குடியிருந்த பழைய வீட்டின் மொட்டைமாடி. செல்போன் சிக்னலின் பலத்தை அளக்கும் செயலி ஒன்றை என் போனில் போட்டிருந்தேன். எண்கள் மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. நூற்றுப் பத்துக்குக் கீழே போனால் பேச்சு அறுந்துவிடும். அப்பாவுக்கு இது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

"தொண்ணூத்தாறு நல்லதா, நூத்திப் பதினாலு நல்லதா?"

"தொண்ணூத்தாறு."

"கொறஞ்சா நல்லதா?"

"மைனஸ்ப்பா. தொண்ணூத்தாறுதான் பெரிசு."

"நீ படிச்ச படிப்புல எல்லாம் தலைகீழாத்தாம்ட்டி இருக்கு."

தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஓர் இடத்தில் மைனஸ் தொண்ணூற்றாறு காட்டியது. அப்பா அங்கே வட்டம் போட்டார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி பல மாதங்களாக அதே இடத்தில்தான் கிடந்தது. அளக்காமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

செல்போன் கம்பெனியிலிருந்து வியாழக்கிழமை ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவருக்குக் காட்டத்தான் இந்த வரைபடம். நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை இதுதான்.

அப்பாவின் பெயர் தமிழரசன். தூத்துக்குடிக்காரர். இளம் வயதில் கல்கத்தா துறைமுகத்தில் வேலை கிடைத்து வந்து, ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்தார். கப்பல்களோடும் இழுவைப் படகுகளோடும் ரேடியோவில் பேசும் அறையில் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எதிர்முனை 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்தச் 'சரி' வராதவரை எதுவும் செய்யக் கூடாது. வராத 'சரி'யை வந்ததாக நினைத்துக்கொண்டு யாராவது துறைமுக வாயிலின் மடைக்கதவைத் திறந்துவிட்டால் கப்பல் சுவரில் மோதும்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த விதி வீட்டில் இருந்தது. அம்மா இருந்த காலத்தில், "வெங்காயம், கருவேப்பில, தேங்கா ஒண்ணு. சரியா?" என்று பையோடு வாசலிலேயே நிற்பார். அம்மா உள்ளேயிருந்து, "சரி, சரி, போங்க. கப்பலா வருது" என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் கொடுத்ததல்ல. கல்கத்தாவில் தமிழர்கள் வீட்டில் யாராவது இறந்துபோனால் முதல் போன் அப்பாவுக்குத்தான் வரும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதி, மாற்றலாகி வந்தவை. துறைமுகம், சுங்கம், ரயில்வே, வங்கி. அவர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊரில். பிள்ளைகள் பெங்களூரிலோ இன்னும் தூரத்திலோ. எந்த வண்டியைக் கூப்பிடுவது, கேவ்ராதலா சுடுகாட்டில் எந்த ஜன்னலில் போய் நிற்பது, தூக்க நாலு பேருக்கு எங்கே போவது, ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள். அப்பா வந்து நிற்பார். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் என்றால், உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலைக்கு ஆள் சேர்ப்பார். பிராமணக் குடும்பம் என்றால் லேக் மார்க்கெட்டிலிருந்து வாத்தியாரை அழைத்து வருவார். எல்லாம் முடிந்து, அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். சாவு வீடுகளில் எழும் முதல் கேள்வியே, "அண்ணாச்சிக்குச் சொல்லியாச்சா?" என்பதுதான்.

ஆகவே போன் அடிக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த போனிடமிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான். படம் வேண்டாம், பாட்டு வேண்டாம். யாராவது கூப்பிட்டால் அடிக்க வேண்டும், பேசி முடிக்கும்வரை அறாமல் இருக்க வேண்டும்.

அது மட்டும் நடக்கவில்லை.

எங்கள் சந்துக்கும் டவருக்கும் நடுவே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. அது ஒவ்வொரு மாடியாக உயர உயர அப்பாவின் போனில் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது. லேண்ட்லைன் இருந்தது. சாலையைத் தோண்டியபோது கம்பியை வெட்டினார்கள், பிறகு ஒட்டவில்லை. நான் மற்ற கம்பெனிகளின் சிம்களைக் கொண்டுவந்து வீட்டுக்குள் அளந்து பார்த்தேன். ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. வைஃபை வழியாகப் பேசும் போன் ஒன்று வாங்கி, அதற்கான இணைப்பும் போட்டுக் கொடுத்தேன். பூஜை வந்தது. பந்தல் போட மூங்கில் நட்டவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். துர்க்கை வந்து, போய், காளியும் வந்து போன பிறகுதான் ஒட்ட வந்தார்கள். அதற்கு மறுநாள் லாரி ஒன்று மோதி மறுபடி அறுந்தது.

"ஒங்க ஆபீஸ்ல இத்தன பேரு சால்ட் லேக்குல உக்காந்து என்னதான் செய்யுதிய?" என்று கேட்டார்.

"சாஃப்ட்வேர்ப்பா. டவர் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

மொட்டைமாடி நாற்காலிக்கும் சும்மா இடம் கிடைத்துவிடவில்லை. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் கீழ்வீட்டு ஷிப்ரா மாஷியின் துணிக்கொடி. மாஷி ஈரப் புடவையை அங்கேதான் காயப்போடுவாள். அப்பா தலையில் சொட்டச் சொட்டப் பேசிக்கொண்டிருப்பார்.

"தாதா, உலகத்துல உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்பாள் வங்காளியில்.

"கிடைக்கலை. அதைத்தான் கம்பெனிக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்பார் அப்பாவும் வங்காளியில்.

இப்படி எரிச்சலோடும் நனைந்துகொண்டும் ஓடிக்கொண்டிருந்தது. ராஜ்மோகன் விஷயத்தில்தான் அறுந்தது.

அதற்கு முன் சேஷாத்ரி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாந்த்ராகாச்சியில் தனியாக இருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ஒரு காலை, அப்பாவுக்கு ஒரு போன். சேஷாத்ரி வீட்டில் சாவு என்று சொன்னார்கள். மேற்கொண்டு எதுவும் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அப்பா ஒரே ஒருமுறை தன் விதியை மீறினார். மாலை வாங்கினார். பிணம் ஏற்றும் கண்ணாடி வண்டி வைத்திருந்த பிஷுவைக் கூப்பிட்டு, அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டு சாந்த்ராகாச்சி போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது சேஷாத்ரி மாமா. இறந்தது ஸ்ரீரங்கத்தில் அவருடைய அண்ணா. மாமா மாலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"நான் இன்னும் கிளம்பலையே தமிழரசா. வந்தது வந்தேள், ரெண்டு பேரும் காப்பி சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள். திரும்பும் வழியில் அப்பா பிஷுவிடம் சொன்னாராம்: இனி திருப்பிச் சொல்லி, 'சரி' வராமல் நீ சாவியைத் தொடாதே, நானும் படியிறங்க மாட்டேன்.

ராஜ்மோகன் சுங்கத்தில் இருந்தவர். பெஹாலாவில் ஒரு நர்சிங் ஹோமில் காலையில் இறந்தார். அவர் மனைவி நாகலட்சுமி அப்பாவைக் கூப்பிட்டாள். "அவிய போயிட்டாவ அண்ணாச்சி" என்று அப்பா காதில் விழுந்தது. "ராஜ்மோகன், பெஹாலா நர்சிங் ஹோம். சரியா?" என்றார். பதில் இல்லை. அறுந்துவிட்டது. மாடிக்கு ஓடினார். அவள் போன் கிடைக்கவில்லை. அவள் கூப்பிட்டபோது இவருடையது கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும் மனிதன் வீட்டுக்கு வண்டியோடு போனவர். இரண்டாம் முறை அந்தத் தவறைச் செய்ய அவரால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அந்த ஒரு 'சரி'க்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பெஹாலாவிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்தார். அதன் பிறகே அப்பா போய்ச் சேர்ந்தார். நாகலட்சுமி நர்சிங் ஹோம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சண்டை போடவில்லை.

"நீங்க வந்துருவியன்னு இங்கனயே இருந்தேன் அண்ணாச்சி" என்றாள்.

அப்பா இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். மறுநாளே கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்.

புகார் எண் வந்தது. சில நாள் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் புகார் தொடர்பாகத் தங்களை அழைத்தோம். தொடர்புகொள்ள இயலவில்லை. எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது.' அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதை எனக்கு வாசித்தார்.

"சிக்னல் இல்லன்னு புகார் குடுத்தா, சிக்னல் கிடைக்கல, அதனால புகார் முடிஞ்சிட்டுங்கான். ஏட்டி, இவன் யாரு?"

மறுபடி கொடுத்தார். மறுபடி அழைத்தார்களாம், கிடைக்கவில்லையாம், முடித்துவிட்டார்களாம். மூன்றாம் முறை அவரே சேவை மையத்தைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஸார், உங்கள் குரல் விட்டுவிட்டு வருகிறது. நல்ல சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேச முடியுமா?" என்றாள் அந்தப் பெண், இந்தியில்.

"அது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் மகளே, போகிறேன்" என்றார் அப்பா, துறைமுக இந்தியில்.

நான் அளவுகளோடும் படங்களோடும் மின்னஞ்சல் அனுப்பினேன். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று பதில் வந்தது. விடாமல் எழுதினேன். கடைசியில்தான் ஆள் அனுப்பச் சம்மதித்தார்கள். நிபந்தனை: புகார் கொடுத்தவர் நேரில் இருக்க வேண்டும், அவர் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை அவரே சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு, வட்டம் போட்டு முடித்து, அப்பா சாக்பீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒன் நம்பர ரெண்டாவது நம்பரா எல்லாருக்கும் குடுத்துட்டேன். எனக்கு அடிக்கலன்னா ஒனக்கு அடிப்பாவ."

"எப்ப குடுத்தீங்க?"

"போன வாரம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"இப்பச் சொல்லுதேம்லா."

"சரி."

"சேஷாத்ரிக்கு மட்டுந்தான் பாக்கி. அவர் போன்ல ரெண்ட அழுத்திப் பிடிச்சா எனக்கு வரும். மூணுல ஒன்னயப் போடணும். அவருக்குக் கண்ணு தெரியல, வேற ஆளத் தொடவும் விடமாட்டாரு. போன்ல சொல்லலாம்னா பாதியில அறுந்துருது. அடுத்த ஞாயித்துக்கெழம நானே போயிப் போட்டுட்டு வாரேன்."

"ஞாயித்துக்கெழமை, சாந்த்ராகாச்சி, மூணாம் பட்டன். சரியா?" என்றேன், கிண்டலாக.

"சரி" என்றார், கிண்டல் இல்லாமல்.

புதன்கிழமை காலை நான் அலுவலகத்தில் இருந்தேன். மாஷியின் அழைப்பு. "மது, உன் பாபா" என்றது, அறுந்தது. மறுபடி அடித்தபோது குரல் தெளிவாக வந்தது. மாஷி மாடியேறி, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டிருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். இவள் டீ கொண்டுபோனபோது சாய்ந்திருந்தாராம். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். இதயம்.

நான் போய்ப் பார்த்தேன். பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வட்டத்துக்குள் நின்று பிஷுவைக் கூப்பிட்டேன். திரையில் அப்பாவின் எண் வந்திருக்கும். அதனால், "சொல்லுங்க பாபு" என்றுதான் எடுத்தார்.

"பிஷுதா, நான் மது. பாபா போயிட்டார். வண்டி வேணும். கிடர்பூர் வீடு."

அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"தமிழரசன் பாபு" என்றார் பிஷு. "கிடர்பூர் வீடு. இன்னைக்குக் காலை. டிக் தோ?"

சரிதானே என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அறுந்தது.

மறுபடி போட்டேன். வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வங்காளியில் சொன்னார்கள், இந்தியில் சொன்னார்கள், ஆங்கிலத்தில் சொன்னார்கள். மூன்றையும் கேட்டுவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி மூன்று மொழி. என் போனில் போட்டேன். அடிக்கவே இல்லை. செயலியைத் திறந்து பார்த்தேன். மைனஸ் தொண்ணூற்றேழு. எண்ணில் குறையில்லை. பகல் நேரத்தில் ஒரு டவரில் ஆயிரம் பேர் தொங்கினால் எண் நன்றாக இருந்தும் பேச்சு நிற்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்து ஆனது ஒன்றுமில்லை.

பிஷு கிளம்ப மாட்டார் என்பதும் தெரியும். 'சரி' வராமல் சாவியைத் தொடாதே என்று சொன்னவர் கீழே கிடக்கிறார். அந்த மனிதர் பெயரிலேயே வந்த செய்திக்கு 'சரி' வராமல் பிஷு எப்படிக் கிளம்புவார்?

மாஷி துணிக்கொடியில் இருந்த புடவையை உருவிக்கொண்டிருந்தாள். "கிடைக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "தாதா அந்தச் சுவர்ல காலை வச்சுக்கிட்டுப் பேசுவார்" என்றாள். சுவரில் காலை வைத்துக்கொண்டேன். அதில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பிஷுவே கூப்பிட்டார்.

முன்பு சொன்னதையே சொன்னார். "தமிழரசன் பாபு. கிடர்பூர் வீடு. இன்னைக்குக் காலை. டிக் தோ?"

"டிக்" என்றேன்.

"டிக். ஆஷ்சி" என்றார். வருகிறேன் என்று அர்த்தம். வந்தார்.

அன்று என் போன் நிற்காமல் அடித்தது. அப்பா கொடுத்த இரண்டாவது நம்பர். ஒவ்வொருவரும் முதலில் அப்பாவுக்குப் போட்டுப் பார்த்து, கிடைக்காமல், எனக்குப் போட்டார்கள். விஷயம் காதில் விழுந்ததும் கிளம்பி வந்தார்கள். தூக்க நாலு பேர் அல்ல, படிக்கட்டு நிறைய இருந்தார்கள். நாகலட்சுமி அத்தை பெஹாலாவிலிருந்து முதல் ஆளாக வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். படிக்கட்டில் யாரோ ஒருவர், பழக்கத்தில், "அண்ணாச்சிக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார்.

வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்தார் போலிருக்கிறது. சந்து முனையில் நின்று அப்பாவின் எண்ணுக்கு அடித்திருக்கிறார். போன் வீட்டுக்குள் இருந்தது. அடுத்த நாள் போனை நாற்காலிக்குக் கொண்டுபோனபோது குறுஞ்செய்தி வந்து விழுந்தது. தொடர்புகொள்ள இயலவில்லை. முடித்துவைக்கப்படுகிறது. நான் சேவை மையத்தைக் கூப்பிட்டேன்.

"புகார் கொடுத்தவர் இருக்கிறாரா மேடம்?"

"இறந்துவிட்டார்."

"மிகவும் வருந்துகிறோம் மேடம். அவரை ஒருமுறை பேசச் சொல்ல முடியுமா? உறுதிப்படுத்தல் அவரிடமிருந்துதான் வர வேண்டும்."

நான் புதிய புகார் கொடுத்தேன், என் பெயரில். எண் வந்திருக்கிறது.

காரியம் முடியும்வரை கிடர்பூரில்தான் இருக்கிறேன். அப்பாவின் போனைச் சார்ஜ் போட்டு, பனிக்கும் காக்கைக்கும் பயந்து ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து, நாற்காலிமேல் வைத்திருக்கிறேன். எல்லோரிடமும் என் நம்பர் இருக்கிறது, ஒருவரைத் தவிர. புதன்கிழமையிலிருந்து அவருக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அவருக்காகத்தான் இது.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது தவறிய அழைப்புகள் என்று செய்தி வந்திருந்தது. சேஷாத்ரி மாமா. உடனே போட்டேன். எடுத்தார்.

"தமிழரசா? ஞாயித்துக்கிழமை வரேன்னியே. நாள் பூரா கதவைத் திறந்து வச்சுண்டு உக்காந்திருந்தேன்."

"மாமா, நான் மது பேசறேன். அப்பா—"

"ஒண்ணுமே கேக்கலை. கொரகொரன்னு வரது. அந்த போனைத் தூக்கிக் கங்கையில போடுடா. நான் கிளம்பறதுக்குள்ளயாவது ஒரு நல்ல போன் வாங்கு."

அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை. மூன்று மொழியிலும் சொன்னார்கள்.

இந்தச் செய்தியை அந்த போனில் சொல்ல முடியாது. பாலத்தைத் தாண்டி சாந்த்ராகாச்சிக்கு நேரில் போய், முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு அவர் போனை வாங்கி என் நம்பரைப் போட வேண்டும். நாளைக் காலை பஸ். இன்றிரவு அவருக்கு ஏதாவது என்றால், இரண்டை அழுத்திப் பிடிப்பார். நாற்காலிமேல் பாலிதீன் பைக்குள் இருக்கும் போன் அடிக்கும், சிக்னல் இருந்தால். மூன்றை அழுத்தினால் இன்னும் ஒன்றும் நடக்காது.